கெட்டித்தவன் கை

1

எங்கள் அம்மாச்சி வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி கிடக்கும். சுண்டுவிரலைவிட மெல்லிசு. இரண்டரை முழ நீளம், நடுவில் லேசான வளைவு. கங்கு தள்ள அம்மாச்சி அதைத்தான் எடுப்பாள். கம்பியின் மேல்பாகத்தில் அரத்தால் அறுத்த மாதிரி இரண்டு வெட்டுகள் இருந்தன. அடுப்புக் கம்பிக்கு எதற்கு வெட்டு என்று நான் அந்த வயசில் கேட்டதில்லை.

தாத்தாவுக்கு வலது கையில் மூன்று விரல்கள்தான். மோதிர விரலும் சுண்டுவிரலும் அடியோடு கிடையாது. "கை எப்படித் தாத்தா போச்சு?" என்று கேட்டால், "கை போகலடா, வெரல்தான் போச்சு" என்பார். கேலியாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது கேலி இல்லை என்று புரிய எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

ஊருக்குள் இதற்கு ஒரு கதை உண்டு. டீக்கடையில், களத்துமேட்டில், கோயில் கொடை சமயத்தில் எல்லாம் அதைச் சொல்வார்கள். "பண்ணையார் வேட்டைக்குப் போனப்ப இவன் குடிச்சிட்டு மருந்து கெட்டிச்சான். வெடிச்சுக் கை போயிருச்சு. பண்ணையார் நல்ல மனுஷன், அவரே வைத்தியம் பாத்தாரு." கதை அவ்வளவுதான். பண்ணையார் சுட்ட பன்றியின் கொம்பு வெள்ளிப் பூண் போட்டு அவர் வீட்டுத் திண்ணைச் சுவரில் தொங்கியது. எங்கள் வீட்டில் அந்தக் கம்பி கிடந்தது.

அம்மாச்சி சொன்ன கதை வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அவள் கதை எனக்கு முழுசாக விளங்குவதற்கு, பெரிய மிருக வேட்டை பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதின புத்தகங்களைப் படிக்க வேண்டியிருந்தது. கல்லூரியில் படித்தபோதும் அதற்குப் பிறகும் நூலகம் நூலகமாக உட்கார்ந்து படித்தேன். எல்லாப் புத்தகத்திலும் சுட்டவன் பேசுகிறான். கெட்டித்தவன் பேசும் ஒரு புத்தகத்தை இதுவரை நான் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

2

முதலில் துப்பாக்கியைச் சொல்ல வேண்டும். குழலின் வாய் வழியாகவே மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற துப்பாக்கி. நம் பக்கம் நாட்டுத் துப்பாக்கி என்பார்கள். ஈழத்தில் இடியன் என்பார்கள். இடித்து நிரப்புவதால் இடியன். இடிக்கிற கம்பிக்குக் கெஜக்கோல் என்று பெயர். பின்பக்கத்தில் தோட்டா போடுகிற துப்பாக்கி 1860களிலும் 70களிலும் பரவுகிறவரை யானை, காட்டெருமை, காண்டாமிருகம் எல்லாம் இப்படிக் கெட்டித்த துப்பாக்கிக்குத்தான் விழுந்தன.

இந்தத் துப்பாக்கிகளின் அளவை 'போர்' என்ற எண்ணால் சொல்வார்கள். கணக்கு எளியது. ஒரு பவுண்டு ஈயத்தில், குழலுக்குச் சரியாக அடங்கும் உருண்டைக் குண்டு எத்தனை வரும் என்பதுதான் அந்த எண். 16 போர் என்றால் குண்டு ஒரு அவுன்ஸ், 28 கிராம். 8 போர் என்றால் இரண்டு அவுன்ஸ். 4 போர் என்றால் கால் பவுண்டு, 113 கிராம். எண் குறையக் குறைய குண்டு பெருக்கும். யானைக்கு 4 போரும் 8 போரும் எடுத்தார்கள். 20 குண்டு கொண்டுபோனால் 4 போருக்கு ஐந்து பவுண்டு ஈயம். அதோடு மருந்து, தண்ணீர், துப்பாக்கி. இந்தப் பாரம் யார் தோளில் போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

குண்டைத் தேர்ந்தெடுப்பது ஒரு தனி அறிவு. சுத்த ஈயம் மெதுவானது. மான், மிளா, புலி போன்ற மிருகங்களுக்கு அது போதும். உள்ளே போனதும் சப்பையாகிப் பரந்து பெரிய காயம் உண்டாக்கும். ஆனால் யானையின் நெற்றி எலும்பிலும் காட்டெருமையின் தோள் எலும்பிலும் மோதினால் மெத்தென்ற ஈயம் அங்கேயே சப்பளிந்து நின்றுவிடும். எனவே பெரிய மிருகத்துக்கு ஈயத்தைக் கடினப்படுத்தினார்கள். வெள்ளீயம் கலந்தார்கள், அச்சுக்கூடத்து எழுத்து உலோகத்தை உருக்கினார்கள், பாதரசமும் கலந்தார்கள்.

இந்தப் பாதரசத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஈயம் 327 டிகிரியில் உருகும். பாதரசம் 357 டிகிரியில் கொதித்து ஆவியாகும். இரண்டுக்கும் இடைவெளி 30 டிகிரிதான். அகப்பை கொஞ்சம் கூடுதலாகச் சூடேறினால் பாதரசம் புகையாய் எழும்பும். அந்தப் புகை நஞ்சு. ஈரக் கையோடு போனால், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே, உருகின ஈயம் தெறித்து முகத்தைப் பொசுக்கும். கலவையின் விகிதம் என்ன, எந்த மிருகத்துக்கு எது என்று வேட்டைப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அகப்பைக்கு முன்னால் குந்தியிருந்தவனின் மூச்சைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

உருண்டைக் குண்டா, கூம்புக் குண்டா என்பதும் அந்தக் காலத்துப் பெரிய சண்டை. கூம்புக் குண்டு கனம் கூடியது, தூரம் போகும். ஆனால் அடர்ந்த காட்டில் வேட்டை நடப்பது பத்து, இருபது தப்படியில். அங்கே தூரம் தேவையில்லை. கனமான உருண்டையும் நிறைய மருந்தும்தான் தேவை. மத்திய இந்தியாவில் இருந்த ஜேம்ஸ் ஃபோர்சைத் என்ற இராணுவ அதிகாரி 1863-ல் வேட்டைத் துப்பாக்கியையும் அதன் குண்டுகளையும் பற்றி ஒரு நூலே எழுதினார். குழலின் உள்ளே வெட்டின வரிகள் வேகமாக முறுக்கிப் போனால், நிறைய மருந்து போட்டதும் குண்டு வரியைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே முறுக்கு மெதுவாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். சரியான வாதம்தான். அதே ஃபோர்சைத் 1862-ல் பச்மடி மலையில் தங்கி அந்தக் காடுகளை அரசாங்கத்துக்காக அளந்தவரும்கூட. அந்தக் காட்டில் அவருக்குத் தடம் காட்டியவர்கள் கோண்டுகளும் கோர்க்கூக்களும். அதற்குப் பிறகு காடு அரசாங்கக் காடு ஆனது. தடம் காட்டியவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள்.

3

குண்டு ஒரு பாதி. மருந்து மறுபாதி.

கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை இங்கிலாந்துக்குப் போன வெடியுப்பில் பெரும்பகுதி பீகாரிலிருந்து போனது. அதை எடுத்தவர்கள் நோனியா சாதியினர். மண் சுவரின் அடியில், மாட்டுத் தொழுவத்தில், மூத்திரம் ஊறிப் பூத்த மண்ணைச் சுரண்டி, குழியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வடித்து, அந்தச் சாற்றைக் காய்ச்சி உப்பாக்குவது அவர்கள் வேலை. பிளாசிப் போர் முடிந்த மறு வருஷமே, 1758-ல், கம்பெனி அந்த வெடியுப்பு வியாபாரம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. நம் பக்கத்தில் உவர்மண்ணைக் கரைத்து உப்பும் வெடியுப்பும் எடுத்தவர்கள் உப்பிலியர். நோனியாக்கள் இன்றும் பீகாரில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். ஐரோப்பிய வீரம் என்று எழுதப்பட்ட ஒவ்வொரு வெடியிலும் முக்கால் பங்கு, மூத்திர மண்ணைச் சுரண்டின கைகளின் உழைப்பு.

மருந்தின் அளவைப் பாருங்கள். சாதாரண 12 போர் துப்பாக்கிக்கு மூன்று டிராம் மருந்து போதும், ஐந்து கிராம்தான். சாமுவேல் பேக்கர் இலங்கைக் காட்டில் வேட்டையாடியவர். 1840-ல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவர் அவருக்குச் செய்துகொடுத்த துப்பாக்கிக்கு 16 டிராம் மருந்து. துப்பாக்கியின் எடை 21 பவுண்டு. குண்டு மூன்று அவுன்ஸ். கூம்புக் குண்டானால் நான்கு. பின்னாளில் அபிசீனியாவில் அரைப் பவுண்டு வெடிகுண்டு போடுகிற ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். அதற்குப் 'பேபி' என்று பெயர். சுட்டால் தன்னையே காற்றாடி மாதிரிச் சுழற்றிவிடும் என்று அவரே எழுதியிருக்கிறார்.

தென்னாப்பிரிக்காவுக்கு 1871-ல், 19 வயதில் வந்து இறங்கிய ஃபிரெட்ரிக் செலூஸ் கதை இன்னும் தெளிவானது. அவருடைய புத்தகம் 1881-ல் வந்தது. கையில் காசு குறைவு. மலிவான, உள்ளே வரி இல்லாத, 4 போர் இடிக்கும் துப்பாக்கிகளை வாங்கினார். மருந்து, வியாபாரிகள் விற்கும் முரட்டு மருந்து. அது இடுப்பில் ஒரு தோல் பையில் சும்மா கொட்டிக் கிடக்கும். கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் குழலில் போடுவது. ஒரு பிடி என்பது 20 டிராம்வரை வரும், 35 கிராம். 1872, 73, 74 மூன்று வருஷத்தில் அந்தத் துப்பாக்கிகளால் 78 யானைகள். பின்னாளில், அந்தத் துப்பாக்கிகளை ஏன்தான் தொட்டேனோ என்று வருத்தப்பட்டார். அதன் உதையில் நரம்பு கெட்டுப்போயிற்றாம்.

செலூசுக்கு யானை வேட்டையைப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தவர் ஒரு கறுப்பு மனிதர், கோய் இனத்தவர். அந்தப் புத்தகத்தில் அவர் பெயர் 'சிகார்'. சுருட்டுக்கு வைத்த பெயர். அவர் தாய் வைத்த பெயர் என்ன என்பது அங்கே இல்லை. தன்னைவிட அனுபவம் குறைந்த வெள்ளைக்காரப் பையனுக்கு முதல் வெடியை விட்டுக்கொடுத்த பெருந்தன்மைக்காரர் என்று செலூஸ் அவரைப் புகழ்கிறார். புகழ்ச்சி இருக்கிறது, பெயர் இல்லை. நமக்கு இது புதிதா தோழர்களே?

அதே புத்தகத்தில் ஒரு சம்பவம். செலூஸ் யானையைக் குறிவைத்துச் சுடுகிறார். துப்பாக்கி அவரைத் தரையிலிருந்து தூக்கி, காற்றில் திருப்பி, முகம் குப்புற மணலில் போடுகிறது. துப்பாக்கி தோளுக்கு மேலாகப் பறந்து சில கஜம் தள்ளி விழுகிறது. காரணம், அது இரண்டு தரம் கெட்டிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு தரமும் ஒரு 'காப்பிரி' கையால் அள்ளி மருந்தைப் போட்டான் என்று எழுதுகிறார். காப்பிரி என்பது கறுப்பு மக்களுக்கு வைத்த வசைச்சொல். அந்த ஆளுக்குச் 'சிகார்' மாதிரி ஒரு பட்டப்பெயர்கூட அந்த இடத்தில் இல்லை.

இதைப் படித்த அன்று நூலகத்தில் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் டீக்கடைக் கதை ஞாபகம் வந்தது. 78 யானை விழுந்தபோது கெட்டித்த கை அங்கே இல்லை. ஒரு தரம் தப்பு நடந்தபோது அந்தக் கை வரலாற்றுக்குள் வந்துவிடுகிறது.

அளவை இல்லாமல் கைப்பிடியாகப் போடுவது யார் வைத்த வழக்கம்? துப்பாக்கிக்காரர் வைத்தது. ஒரு துப்பாக்கி வெடித்ததா, வெடிக்காமல் கேப்பு மட்டும் அடித்ததா என்று பின்னால் நிற்கிறவனிடம் சொல்ல வேண்டியது யார்? சுட்டவன். யானை பிளிறுகிற சத்தத்திலும், நாலு துப்பாக்கி முழங்குகிற புகையிலும், கைக்கு வந்த குழல் காலியா நிரம்பியதா என்று பார்க்க எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

4

வேட்டைக்காரனுக்குப் பின்னால் துப்பாக்கி தாங்கிகள் நிற்பார்கள். இந்த வகைத் துப்பாக்கியைத் திரும்பக் கெட்டிக்க நேரம் பிடிக்கும். பாய்ந்து வருகிற யானை ஒரு நிமிஷம் காத்திருக்காது. எனவே மூன்று நான்கு துப்பாக்கிகளைக் கெட்டித்து, ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்துப் பின்னால் நிறுத்துவார்கள். முன்னால் நிற்பவன் சுட்டதும் அடுத்ததை நீட்ட வேண்டும். அந்த ஆளின் நிலையை யோசியுங்கள். கையில் கெட்டித்த துப்பாக்கி இருக்கிறது. எதிரில் யானை வருகிறது. ஆனால் அவன் சுடக் கூடாது. அதைத் துரையிடம் நீட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்க வேண்டும். ஓடினால் கோழை என்று எழுதுவார்கள். வேட்டைப் புத்தகங்களில் ஓடிப்போன கறுப்பர்களுக்குப் பஞ்சமில்லை. ஓடாமல் நின்றதால் செத்தவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துபோகிறார்கள்.

இலங்கையில் இது பெரிய அளவில் நடந்தது. பேக்கர் நுவரெலியாவில் குடியேறி எழுதின வேட்டை நூல் 1854-ல் வந்தது. அவருக்கு முன்னால் மேஜர் ரோஜர்ஸ் என்று ஒருவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று பேர். 1845-ல் அப்புத்தளைப் பக்கம் இடி விழுந்து செத்தார். யானையைக் கொன்றால் அரசாங்கமே காசு கொடுத்தது. 1848-க்கு முந்திய மூன்று வருஷத்துக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகளுக்கு இப்படிக் காசு வாங்கியிருக்கிறார்கள் என்று, அங்கே அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். இலங்கை யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமும் கிடையாது. காட்டின் பக்கத்தில் வெள்ளாமை, மலையில் காப்பித் தோட்டம்; யானை இடைஞ்சல்.

அதே 1840களில்தான் நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக அந்தக் காட்டு வழியே நடந்தார்கள். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைக்கு நடை. அவர்களில் பாதிக்கு மேல் சேரிகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையடிமைக்கும் தப்பி ஓடினவர்கள் என்றாலும் தப்பில்லை. காய்ச்சலிலும் பேதியிலும் பாதையோரம் செத்தவர்களை எண்ணி வைத்தவர்கள் இல்லை. யானைக்குத் தலை எண்ணிக் காசு கொடுத்தார்கள். கூலிக்காரனின் தலையை எண்ணவில்லை. அந்தக் காலத்து வேட்டை நூல்களில் சாமான் சுமந்துகொண்டு வரிசையாகப் போகிற 'கூலி'கள் இவர்கள் மாதிரி ஆட்கள்தான்.

5

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

1878-ஆம் வருஷம் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் மூன்று சட்டங்கள் வந்தன. ஒன்று ஆயுதச் சட்டம்: இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு. இரண்டு, வனச் சட்டம். மூன்று, தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டம். மூன்றாவது சென்னை மாகாணத்தைத் தொடவில்லை. வனத்துக்கு நமக்குத் தனிச் சட்டம் 1882-ல் வந்தது. ஒரே வருஷத்தில் துப்பாக்கி, காடு, பேச்சு மூன்றுக்கும் பூட்டு.

ஆயுதச் சட்டம் இந்தியர்கள் எல்லாரையும் ஒரே மாதிரி நிராயுதபாணி ஆக்கியது என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். நடந்தது அப்படி இல்லை. பயிரை அழிக்கிற மிருகத்தை விரட்ட நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்கலாம். பயிர் என்றால் நிலம் வேண்டும். நிலம் யாரிடம் இருந்தது? ஊர்த்தெருவில் இருந்தது. ஆக, வெள்ளைக்காரனுக்கு விலக்கு, மிராசுக்கு லைசென்ஸ், சேரிக்குக் கம்பு. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்திலும் பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி என்ற வழி தொடர்ந்தது. நிலம் கை மாறாததால் துப்பாக்கியும் கை மாறவில்லை.

எங்கள் ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். பண்ணையார் வீட்டில் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. லைசென்ஸ் அவர் பேரில். பன்றிக்கும் மிளாவுக்கும் போவார்கள். தப்படித்துக் காடு கலைப்பது எங்கள் ஆட்கள். தாத்தாவுக்கு அந்த வேலை இல்லை. அவருக்குக் கெட்டிக்கிற வேலை. அவருக்கு அவர் மாமா கற்றுக்கொடுத்தது.

அம்மாச்சி சொன்னதிலிருந்தும் தாத்தா கடைசிக் காலத்தில் சொன்னதிலிருந்தும் இதை எழுதுகிறேன். வீட்டு முற்றத்தில் ஈயத்தை உருக்குவார். இடுக்கி மாதிரி இருக்கும் இரும்பு அச்சில் ஊற்றுவார். அச்சு சூடாகாமல் ஊற்றினால் குண்டில் சுருக்கம் விழும். அப்படி விழுந்ததைத் திரும்பவும் அகப்பையில் போட்டுவிடுவார். நல்லதாகத் தெரிகிற குண்டையும் இரண்டிரண்டாக உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். ஒன்று லேசாக இருந்தால் உள்ளே காற்றுக் குமிழி என்று அர்த்தம், நேராகப் போகாது. ஊற்றின இடத்தில் நிற்கும் காம்பை நறுக்கி, கெட்டிக்கும்போது அந்தத் தழும்பு மேல்பக்கம் பார்க்கும்படி வைப்பார். மருந்துக்கு மூங்கில் கணுவில் ஒரு அளவை. கொம்பிலிருந்து நேராகக் குழலில் மருந்தைக் கொட்டக் கூடாது. உள்ளே தணல் இருந்தால் கொம்போடு வெடிக்கும். அளவையில் கொட்டி, அளவையிலிருந்து குழலில் கொட்ட வேண்டும். குண்டைச் சுற்றப் பழைய வேட்டித் துணி. அதை எச்சிலில் நனைத்துக்கொள்வார். எச்சில் பட்ட துணி குழலுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும், உள்ளே படிந்த கரியையும் இளக்கும்.

இந்த எச்சிலைப் பற்றி அம்மாச்சி சிரிப்பாள். "இவுக எச்சி பட்டாத்தான் அவுக துப்பாக்கி பேசும். ஆனா இவுக குடிச்ச செரட்டைய அவுக தொட மாட்டாக."

வேட்டை முடிந்து துப்பாக்கியைப் புறக்கடை வழியாகக் கொடுக்க வேண்டும். உள்ளே வாங்கும் முன்னால் பிடியில் தண்ணீர் தெளிப்பார்கள். தீட்டு. கருமருந்து சுட்ட துப்பாக்கியைத் தண்ணீரால் கழுவித்தான் ஆக வேண்டும். எரிந்த மருந்து கரியும் உப்புமாகக் குழலுக்குள் படிந்து, ஒரே ராத்திரியில் இரும்பைத் தின்றுவிடும். ஆனால் அதைக் கழுவ வேண்டியது உள்ளே, வெந்நீரால். அதைத் தாத்தா ஏற்கனவே கழுவித் துடைத்து எண்ணெய் போட்டுத்தான் கொடுத்திருப்பார். அவர்கள் வெளியே கழுவினது சாதிக்கு. இவர் உள்ளே கழுவினது துப்பாக்கிக்கு.

கம்பியில் இருந்த இரண்டு வெட்டுக்கும் இப்போது அர்த்தம் சொல்லலாம். வெறுங்குழலில் கம்பியை விட்டால் மேல் வெட்டு குழல்வாயோடு சரியாக நிற்கும். மருந்தும் குண்டும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் கீழ் வெட்டு வாயோடு நிற்கும். கீழ் வெட்டு வாய்க்கு மேலே நின்றால் குண்டு மருந்தைத் தொடாமல் நடுவில் தொங்குகிறது, அல்லது இரண்டு தரம் கெட்டித்திருக்கிறது. இரண்டிலும் குழல் கிழிந்து போகலாம். கையில் துப்பாக்கி வந்ததும் யார் என்ன சொன்னாலும் முதலில் கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும் என்பது தாத்தாவின் சட்டம். எழுத்து தெரியாத மனுஷன் இரும்பில் எழுதி வைத்த இரண்டே எழுத்து அந்த வெட்டுகள்.

6

அந்த நாள். சுதந்திரம் வந்து ரெண்டு மூணு வருஷம் இருக்கும் என்பாள் அம்மாச்சி. தட்டாங்காய் விளைந்த சமயம்.

பண்ணையாரின் முதல் வெடி பன்றியின் பின்தொடையில் பட்டது. பன்றி திரும்பியது. பண்ணையார் ஒரு பாறைமேல் ஏறிக்கொண்டார். துப்பாக்கியைக் கீழே நீட்டி, "கெட்டிடா, சீக்கிரம் கெட்டிடா" என்று கத்தினார். வெடித்த குழலுக்குள் தணல் இருக்கும். ஈரத்துணி சுற்றின கம்பியை ஒரு தரம் உள்ளே விட்டு எடுத்துவிட்டுத்தான் மருந்து போட வேண்டும். தாத்தா துணியை எடுத்தார். "என்னடா சிங்காரிச்சுக்கிட்டு நிக்கிற, போட்றா மருந்த" என்றார் பண்ணையார், சாதிப் பேரையும் சேர்த்து. தாத்தா துணியைக் கீழே போட்டுவிட்டு மருந்தைப் போட்டார். குண்டை வைத்துக் கம்பியால் தள்ளும்போது வெடித்தது.

கம்பி பறந்து போய்ப் புதரில் விழுந்தது. அதோடு இரண்டு விரல்களும் போயின.

கெட்டிக்கிறவர்களுக்குள் ஒரு விதி உண்டு: கம்பியின் தலையில் உள்ளங்கையை வைத்து அமுக்காதே, முகத்தைக் குழல்வாய்க்கு நேராக வைக்காதே, ஒதுங்கி நின்று, பக்கவாட்டில் விரலால் பிடித்துத் தள்ளு. தப்பி வெடித்தால் விரல் போகும், கை நிற்கும். அந்த அவசரத்திலும் தாத்தா அதை விடவில்லை. "கை போகலடா, வெரல்தான் போச்சு." அவர் எனக்குச் சொன்னது அவர் தொழிலின் விதியை. நான் கேலி என்று நினைத்தேன். ஊர் அவரைக் குடிகாரன் என்றது. தாத்தா கள் குடிப்பவர்தான். மருந்துப் பையைத் தொடுகிற அன்று தொட மாட்டார் என்று அம்மாச்சி சூடம் அணைத்துச் சொல்வாள்.

பன்றியைக் கடைசியில் முடித்தது காடு கலைத்தவர்களின் ஈட்டி. கொம்பு பண்ணையார் திண்ணைக்குப் போனது. குடலும் கொஞ்சம் கறியும் சேரிக்கு வந்தது. வைத்தியத்துக்கு என்று ஒரு மூட்டை கேப்பை வந்தது. அதையும் அடுத்த அறுப்பில் கூலியில் கழித்துக்கொண்டார்கள். கம்பியை அம்மாச்சியின் தம்பி மூன்றாம் நாள் புதரில் தேடி எடுத்து வந்தார். வளைந்துவிட்டதால் பண்ணையார் வீட்டில் வேண்டாம் என்றார்கள்.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்றது. நல்லது. வேட்டையைத் திருப்பிக் கொடு என்று நான் கேட்கவில்லை. செத்த யானைகளுக்காகவும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் கேட்பது வேறு. குண்டின் எடை, மருந்தின் அளவு, முறுக்கின் கணக்கு என்று நூலாக எழுதினால் அது அறிவு, எழுதினவன் பேர் அட்டையில். அதே அறிவு ஒரு பறையனின் உள்ளங்கையிலோ ஒரு கோய் மனிதரின் கையிலோ இருந்தால் அது வேலை. வேலை சரியாக நடந்தால் பேர் இல்லை, தப்பினால் மட்டும் சாதிப் பேர். இந்தக் கணக்கை நாம்தான் திருத்த வேண்டும்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது கெட்டித்திருப்பார்கள். துப்பாக்கியை இல்லாவிட்டால் கோயில் வேட்டை, பாறை உடைக்கிற வெடி, கிணற்று வெடி என்று எதையாவது. அவர்களில் உயிரோடு இருப்பவர்களிடம் போய் உட்காருங்கள். கையைக் காட்டச் சொல்லுங்கள். ஊர் சொல்கிற கதையை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், முதலில் கம்பியை உள்ளே விட்டுப் பாருங்கள், எந்த வெட்டு எங்கே நிற்கிறது என்று. பிறகு எழுதுங்கள்.

அம்மாச்சி செத்த பிறகு அந்தக் கம்பியை நான் எடுத்து வந்துவிட்டேன். அடுப்புச் சூட்டில் கறுத்துப் போயிருக்கிறது. நகத்தால் தடவினால் இரண்டு வெட்டும் இன்னும் தட்டுப்படுகின்றன.